மேடையில் அக்காவின் அடையாள அட்டை

கேள்வி: எனக்கு 24 வயது. திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர் பக்கத்துக் கிராமம். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முடித்துவிட்டு வீதி நாடகக் குழு ஒன்றில் இருக்கிறேன். மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிப் பஞ்சாலைகள் நடத்திய சுமங்கலித் திட்டத்தில் சிக்கிய பெண்களைப் பற்றி நானே எழுதி ஓர் ஓராள் நாடகம் போடுகிறேன். கல்லூரிகளில் நல்ல வரவேற்பு. வீடியோ யூடியூப்பிலும் இருக்கிறது. இப்போது டெல்லியில் மனித உரிமை நாடக விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் அக்கா ஒன்பதாவதோடு நின்று, 15 வயதில் மில்லுக்குப் போய் மூன்று வருடம் விடுதியில் இருந்தவள். அவள் சம்பளத்தில்தான் நான் படித்தேன். நாடகம் அவள் கதைதான். அவளுடைய பழைய மில் அடையாள அட்டையைக்கூட அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, கடைசிக் காட்சியில் கழுத்தில் மாட்டிக்கொள்வேன். அப்பா, "கூத்தாடப் போறவளுக்கு இந்த வீட்ல இடமில்ல" என்கிறார். அம்மா அழுகிறாள். வீட்டை விட்டு வெளியேறுவதா, நாடகத்தை விடுவதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நாடகம், பறை, ஆவணப்படம் என்று கிளம்பிய பிள்ளைகள் பல வருடங்களாக இதே கேள்வியை எனக்கு எழுதுகிறார்கள். அப்பா திட்டுகிறார், அம்மா அழுகிறாள், நான் என்ன செய்ய? உன் அப்பாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அது பெரிய சிக்கல் இல்லை.

அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து "எடுத்து" என்று எழுதியிருக்கிறாய். அக்காவிடம் கேட்டு வாங்கியதாக எழுதவில்லை. அவள் நாடகத்தைப் பார்த்தாளா, அப்படி ஒரு நாடகம் இருப்பதாவது அவளுக்குத் தெரியுமா என்று ஒரு வார்த்தை இல்லை. கல்லூரி மாணவர்கள் பார்த்துவிட்டார்கள், டெல்லிக்காரர்கள் பார்க்கப் போகிறார்கள். அந்த அட்டையில் இருக்கும் முகத்துக்குச் சொந்தக்காரி பார்த்ததாக நீ எழுதவில்லை. இப்போது எங்கே இருக்கிறாள், கல்யாணம் ஆனதா, பிள்ளைகள் உண்டா, எதுவும் இல்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு வரி கொடுத்த உன் கடிதத்தில், அக்கா 15 வயதிலேயே நின்றுபோயிருக்கிறாள்.

அந்த அட்டையில் அவள் படம் இருக்கும். பெயர் இருக்கும், மில்லின் பெயரும் இருக்கும். யூடியூப்பில் யாரும் நிறுத்திப் பெரிதாக்கிப் பார்க்கலாம். மில் விடுதியில் இருந்து வந்த பெண் என்றாலே உங்கள் பக்கத்தில் என்ன பேசினார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பேச்சைத் தாண்டித்தான் அந்தப் பெண்கள் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, ஒரு வாழ்க்கையை நிலைநிறுத்தியிருக்கிறார்கள். பலர் புகுந்த வீட்டில் பாதிதான் சொல்லியிருப்பார்கள். உன் அக்கா எவ்வளவு சொன்னாள், எதை மறைத்தாள் என்று உனக்குத் தெரியுமா? தெரியாமல் எந்தத் தைரியத்தில் அதைக் கழுத்தில் மாட்டினாய்?

சுமங்கலித் திட்டம் எப்படி நடந்தது என்பது நீ அறியாததல்ல. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மில்களுக்குப் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளைத் தரகர்கள் கூட்டிப் போனார்கள். மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம், நடுவில் போனால் அது கிடையாது. விடுதி வாசலைத் தாண்ட அனுமதி வேண்டும், வீட்டுக்குப் பேச அனுமதி வேண்டும். அந்த வேலையில் சேர்வதற்கு முன் அந்தப் பிள்ளைகளில் பலரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பேசி முடித்தது அப்பாவும் தரகரும். இதுதானே உன் நாடகத்தின் குற்றச்சாட்டு? அப்படியானால் அவளைக் கேட்காமல் அவள் வாழ்க்கையை இரண்டாவது முறையாக எடுத்தவள் நீ. முதல் முறை அவள் உழைப்பு போனது உன் படிப்புக்கு. இந்த முறை அவள் கதை போவது உன் மேடைக்கு. கோபம் வருகிறதா? வரட்டும், மகளே.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவாலை விஸ்காமில் ஒரு பக்கமாவது படித்திருப்பாய். 1960களின் தொடக்கத்தில் அவருடைய குழு வடகிழக்குப் பிரேசில் விவசாயிகளிடம் ஒரு நாடகம் போட்டது. முடிவில் நடிகர்கள் துப்பாக்கியை உயர்த்தி, நிலத்துக்காக நம் ரத்தத்தைச் சிந்துவோம் என்று பாடினார்கள். விர்ஜீலியோ என்ற விவசாயி கண் கலங்கி வந்து, வாருங்கள், எங்கள் நிலத்தைப் பிடுங்கியவர்களை நாம் எல்லோரும் சேர்ந்து எதிர்ப்போம் என்று கூப்பிட்டார். இது நாடகத் துப்பாக்கி, சுடாது என்றார்கள். பரவாயில்லை, எங்களிடம் நிஜத் துப்பாக்கி இருக்கிறது என்றார். நாங்கள் கலைஞர்கள், விவசாயிகள் அல்ல என்று இவர்கள் பின்வாங்கினார்கள். அப்படியானால் நீங்கள் சிந்தச் சொன்னது எங்கள் ரத்தத்தைத்தான், உங்களுடையதை அல்ல என்று விர்ஜீலியோ கேட்டார். இந்தச் சம்பவத்தை போவாலே எழுதியிருக்கிறார்.

1973இல் அவர் பெரு நாட்டில், எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். படிக்கத் தெரியாத ஒரு பெண் அவரிடம் வந்தாள். வீடு கட்டப் பணம் வாங்கிப் போன கணவன், ரசீது என்று கொடுத்த காகிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியை விட்டுப் படிக்கச் சொன்னால், எல்லாம் அவனுடைய காதலி எழுதிய கடிதங்கள். ஊருக்குப் போனவன் மறுநாள் திரும்புகிறான், நான் என்ன செய்ய என்று கேட்டாள். அதை நாடகமாக்கி, என்ன செய்யலாம் என்று பார்வையாளர்களிடமே கேட்டார்கள். எந்த யோசனையும் பிடிக்காத ஒரு பெண் எழுந்து மேடைக்கே வந்து, செய்யவேண்டியதைத் தானே நடித்துக் காட்டினாள். பார்க்க வந்தவரும் மேடையேறலாம் என்ற முறை அங்கே பிறந்தது. அந்தக் கதையைக் கொண்டு வந்தது அதற்குச் சொந்தக்காரி, மகளே. அவளுக்கு அதில் ஒரு காரியமும் ஆக வேண்டியிருந்தது.

அவ்வளவு தூரம் வேண்டாமென்றால் புதுக்கோட்டைக்கு வா. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடின, ஆடின. கூட்டம் கலைந்ததும் அவர்கள் வேலை முடியவில்லை. இரவு வகுப்பு நடந்தது. கல்லுடைக்கும் பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டினார்கள், குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். யாரைப் பற்றிப் பாடினார்களோ அவர்கள் கைக்கு ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்தது. உன் நாடகத்தால் அக்கா கைக்கு என்ன போனது? மில்லில் அவளுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தார்களா, அந்தப் பணம் வந்ததா என்று ஒருநாளாவது கேட்டாயா? ஒன்பதாவதோடு நின்றது அவளுக்கு இன்னும் உறுத்துகிறதா என்று கேட்டாயா? தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுத உச்ச வயதே கிடையாது. ஐந்து பாடம், ஐந்து வருடத்துக்குள் மெல்ல மெல்ல எழுதலாம். டெல்லி விழாவுக்குப் படிவம் நிரப்பத் தெரிந்த உனக்கு இது தெரியாமல் இருக்காது.

மூத்த பெண்ணின் முதுகில் ஏறிப் படித்த பிள்ளைகளுக்கு ஒரு கடமை உண்டு. சமூகத்துக்குச் செய்கிறேன் என்று சொல்லி அதைக் கழித்துக்கொள்ள முடியாது. ஊர்ப் பெண்களின் உரிமைக்குப் பேசுவது நல்ல காரியம், அதை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் வரிசையில் உன் அக்காதான் முதல்.

இன்றைக்கே அந்த வீடியோவை எடுத்துவிடு. அடுத்து அக்கா வீட்டுக்கு நேரில் போ, போன் வேண்டாம். கல்யாணமாகியிருந்தால், அவள் வீட்டுக்காரரும் மாமியாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார். கேட்காமல் எடுத்தேன் என்று சொல்லிவிட்டு நாடகத்தை முழுசாக அவளிடம் வாசித்துக் காட்டு. எதை வெட்டச் சொல்கிறாளோ வெட்டு. வேண்டவே வேண்டாம் என்றால் நாடகம் அங்கேயே முடிந்தது, மறுபேச்சு கூடாது. அதே மில்களில் வேலை பார்த்து, பேசத் தயாராக இருக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து வேறொன்று எழுது. நிஜப் பெயரும் நிஜப் படமும் அதிலும் வேண்டாம். சரி என்று அக்கா சொன்னால், அடுத்த காட்சியை அவள் பார்க்கட்டும், டெல்லி அப்புறம்.

அப்பா விஷயம். உனக்கு 24 வயது. என்ன வேலை செய்வது என்பது உன் முடிவு, அவர் தடுக்க முடியாது. கூத்தைக் கேவலமாகப் பேசுவதும் தப்பு. ஆனால் அவருடைய கோபம் கூத்தின் மேல் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். தரகரோடு பேசி முடித்து மகளை அனுப்பிய அப்பா அவர். தன் வீட்டு நாடகத்தில் தனக்கு என்ன வேஷம் என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவரிடம் கேட்கும் உரிமை முதலில் அக்காவுக்கு. அவள் கேட்க நினைத்தால் நீ பக்கத்தில் நில். அதுவரை வீட்டை விட்டு வெளியேறும் பேச்சு வேண்டாம்.

விழாக் குழுவுக்கு இன்றே எழுது. கதைக்குச் சொந்தமானவரின் சம்மதம் இன்னும் கேட்கவில்லை, கேட்ட பிறகுதான் வர முடியுமா என்று சொல்வேன் என்று எழுது. அதற்காக அவர்கள் அழைப்பைத் திரும்பப் பெற்றால் பெறட்டும். அட்டையைத் திரும்ப டிரங்குப் பெட்டியில் போடாதே, அக்கா கையில் கொடு. வைத்துக்கொள்வதா, கிழித்துப் போடுவதா, உன்னிடமே தருவதா என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.