வீட்டில் பாட்டு கேட்க ஸ்டீரியோ போதுமா, 5.1 வாங்க வேண்டுமா?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரம்: கையில் 40,000 ரூபாய், பத்துக்குப் பன்னிரண்டு அறை, கேட்பது பெரும்பாலும் எண்பதுகளின் திரைப்பாடல்களும் கச்சேரிகளும், படம் எப்போதாவது. இதற்கு இரண்டு ஸ்பீக்கரும் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும்தான் சரி. தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர் பெட்டி, கனத்த அடி ஒலிக்கு மட்டும் ஒரு சப்வூஃபர், எல்லாவற்றையும் ஓட்ட ஒரு ரிசீவர். அதே பணத்தை ஏழாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் என்ன மிஞ்சும்? உள்ளங்கையில் அடங்கும் பெட்டிகள்தான் வரும். ஆண் குரலின் அடிநாதம் 100 ஹெர்ட்ஸை (நொடிக்கு 100 அதிர்வு) ஒட்டி இருக்கிறது. அது அந்தக் குட்டிப் பெட்டியில் எழும்பாது, சப்வூஃபருக்குப் போய்விடும். பாடகரின் தொண்டை டிவி பக்கத்திலும் நெஞ்சு அறை மூலையிலுமாகக் கேட்கும். ஏழு வருஷம் அப்படி ஒரு செட்டில்தான் பாட்டு கேட்டேன். எல்லாப் பெட்டியிலும் ஒரே பாட்டை ஓடவிட்டு, 'அறை நிறைய சத்தம்' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு நண்பர் ஊருக்குப் போகும்போது தன் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் இரண்டை என்னிடம் விட்டுப் போனார். ஆறடி இடைவெளியில் ஸ்டூல்மேல் வைத்து, நானும் ஆறடி தள்ளி உட்கார்ந்தேன். முதலில் ஒன்றுமே சரியில்லை. பேஸ் இல்லை, குரல் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. பின்னால் போய்ப் பார்த்தால், ஒரு பெட்டியில் சிவப்பு, கறுப்பு வயர்கள் இடம் மாறியிருந்தன. மாற்றிப் போட்டதும் குரல் நடுவில் வந்து நின்றது. சமையலறையிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்ற அம்மா, "டிவியை ஏண்டா போட்டே?" என்றார். டிவி அணைந்துதான் இருந்தது. நடுவில் ஸ்பீக்கரே இல்லை.

ஒரே ஒலி இரண்டு பெட்டியிலிருந்தும் ஒரே நேரத்தில் இரண்டு காதுக்கும் வந்தால், மூளை அதை நடுவில் வைத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர் 1931-லேயே ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஸ்டீரியோ இசைத்தட்டு 1958-ல் கடைக்கு வந்தது. அதற்குப் பிறகு பதிவான பாட்டுகளில் பெரும்பாலானவை இரண்டு பெட்டிக்காகவே கலக்கப்பட்டவை. இடப்பக்கம் கிதார், வலப்பக்கம் வயலின் என்று ஒலிப்பதிவாளர் உட்கார வைத்த இடம் உங்களுக்குக் கிடைக்க வேறெதுவும் தேவையில்லை. இடம் வலம் பிரிக்காமல் ஒரே ஒலியாகப் பதிவான பழைய மோனோ பாட்டுகளும் இதில் அழகாக நடுவில் நிற்கும்.

ஒரு குறை உண்டு. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கத்துப் பெட்டியின் ஒலி முதலில் வந்து, குரல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். 5.1-இல் நடுப்பெட்டி இருப்பதே இதற்காகத்தான்: யார் எங்கே உட்கார்ந்தாலும் வசனம் திரையிலிருந்து வர வேண்டும். குடும்பத்தோடு படம் பார்ப்பதுதான் முதல் வேலை என்றால் நானும் 5.1-ஐத்தான் சொல்லியிருப்பேன்.

இரண்டுக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கென்றே, பல சேனலாகக் கலக்கிய இசையும் இருக்கிறது. 1999-ல் அறிமுகமான எஸ்ஏசிடி என்ற உயர்தர ஒலித்தட்டுகளில் பலவற்றிலும், 2021 முதல் ஆப்பிள் மியூசிக்கில் டால்பி அட்மாஸ் என்ற சுற்றொலி வடிவத்திலும் கேட்கலாம். நல்ல சிம்பொனிப் பதிவில் அரங்கின் எதிரொலி முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் அதற்கு ஐந்து பெட்டியும் தரமாக இருக்க வேண்டும். 40,000 ரூபாயில் அது நடக்காது.

வாங்கியபின் பெட்டிகளை ஷோகேஸுக்குள் திணிக்காதீர்கள். சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி, ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன வட்டம்) காது உயரத்தில் இருக்கட்டும். அறையில் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். நம் சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் 'டர்ர்' என்று அதிரும். தடித்த திரைச்சீலை, தரையில் ஒரு ஜமக்காளம், பக்கச் சுவரில் புத்தக அலமாரி இருந்தால் பாதிக் குறை அங்கேயே தீரும். தவிலும் பேஸ் கிதாரும் போதவில்லை என்று தோன்றினால் ஆறு மாதம் கழித்து ஒரு சப்வூஃபர் சேர்த்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் அதற்கு விடுங்கள்.

வாங்கும் முன், தெரிந்தவர் வீட்டில் 5.1 இருந்தால் அங்கே உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போடுங்கள். ரிமோட்டில் பெரும்பாலும் 'ஸ்டீரியோ' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தி, கண்ணை மூடி, பாடகர் எங்கே நிற்கிறார் என்று கேளுங்கள்.