காவல்துறைக்கு ஆலோசனை சொன்னவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 64. கடந்த ஐந்து வருடங்களில் வெளி ஆலோசனை நிறுவனங்களுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், எதற்காகக் கொடுத்தீர்கள் என்று ஒரு காவல் அலுவலகத்துக்கும் ஒரு சிறைத்துறை அலுவலகத்துக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் (ஆர்டிஐ) மனு போட்டேன். காவல் அலுவலகம் "8(1)(டி)படி வணிக ரகசியம், மேலும் 24(4)படி காவல்துறைக்கு விலக்கு உண்டு" என்று எழுதிவிட்டது. சிறைத்துறையிலிருந்து "தகவல் தொகுத்து வைக்கப்படவில்லை" என்று ஒரே வரி. பதில்கள் வந்து மூன்று வாரம் ஆகிறது. நடுவில் உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் போன் செய்து, "எதுக்கு சார் இதெல்லாம், ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்றார். இத்தோடு விட்டுவிடுவதா?

பதில்: விட வேண்டாம் ஐயா. ஆனால் முதலில் காலண்டரைப் பாருங்கள். பதில் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும், உங்களுக்கு மிச்சம் இருப்பது ஒன்பது நாள்தான். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று 19(1) சொல்கிறது, அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கட்டணம் கிடையாது, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். உங்களுக்கு வந்த இரண்டு பதில்களும் வேறு வேறு ரகம். காவல் அலுவலகம் சொன்னது பெரும்பாலும் தவறு. சிறைத்துறை சொன்னதில், கோபப்படாதீர்கள், கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதற்கு உங்கள் மனுவும் ஒரு காரணம்.

காவல் அலுவலகம் காட்டிய 24(4)-ஐ முதலில் எடுத்துக்கொள்கிறேன், இதை வைத்துத்தான் நிறையப் பேரைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பிரிவு "காவல்துறை" என்று சொல்லவே இல்லை. மாநில அரசு அமைத்த உளவு மற்றும் பாதுகாப்பு அமைப்புகளில் எவை எவை என்று அரசிதழில் பெயர் போட்டு அறிவிக்கிறதோ அவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. தமிழ்நாட்டில் சில பிரிவுகளுக்கு அப்படி அறிவித்திருக்கிறார்கள், ஒட்டுமொத்தக் காவல்துறைக்கும் அல்ல. ஆகவே மேல்முறையீட்டில் நீங்கள் எழுத வேண்டியது எளிது: "எனது மனு அனுப்பப்பட்ட அலுவலகத்தின் பெயர் இடம்பெற்றுள்ள அரசாணையின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, அதன் நகலைத் தரவும்." அந்த அலுவலகம் பட்டியலில் இல்லையென்றால் 24(4) என்ற பேச்சு அதோடு முடிந்தது. இருந்தாலும்கூட, ஊழல் குற்றச்சாட்டும் மனித உரிமை மீறலும் தொடர்பான தகவலுக்கு விலக்கு செல்லாது என்று அதே பிரிவிலேயே இருக்கிறது. லஞ்ச ஒழிப்புத் துறைக்கு 2008-ல் தமிழக அரசு இந்த விலக்கைக் கொடுத்தபோது, ஊழல் தொடர்பான தகவலை அதைச் சொல்லி மறுக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2011-ல் சொன்னது. ஆனால் ஒரு எச்சரிக்கை. கையில் காகிதம் இல்லாமல் "இதில் ஊழல் நடந்திருக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள், உங்களுக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை, சந்தேகம்தான் இருக்கிறது. பட்டியல் வாதமே இப்போதைக்குப் போதும்.

அடுத்தது வணிக ரகசியம். 8(1)(டி) காப்பாற்றுவது எதை? வெளியே தெரிந்தால் அந்த நிறுவனத்தின் போட்டி நிலை கெடும் என்கிற அளவுக்கான தகவலை. டெண்டர் திறப்பதற்கு முன்னால் ஒருவர் போட்ட விலை அப்படிப்பட்டது, சரி. வேலையைக் கொடுத்து, ஒப்பந்தம் கையெழுத்தாகி, கருவூலத்திலிருந்து பணமும் போன பிறகு எவ்வளவு போனது என்பதில் என்ன ரகசியம்? ஆலோசகர் தன் வேலைக்கு வைத்திருக்கும் கணக்கிடும் முறை, மென்பொருளின் உள்விவரம் மாதிரியானவற்றை மறைக்கலாம், தொகையை மறைக்க முடியாது. ஒப்பந்தமும், அறிக்கையும், ஏன் "ஆலோசனை"யும்கூட தகவல் என்பதன் வரையறையில், அதாவது 2(எஃப்)-ல், பெயர் சொல்லியே இருக்கின்றன.

இன்னொன்றும் கேளுங்கள்: 11-வது பிரிவுப்படி அந்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் கொடுத்தார்களா? மூன்றாம் தரப்பான அந்த நிறுவனம் அதை ரகசியம் என்று கருதியிருந்தால், மனு வந்த ஐந்து நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், பத்து நாளுக்குள் அவர்கள் ஆட்சேபம் சொல்லலாம், அதற்குப் பிறகு அலுவலர் தானே யோசித்து முடிவெடுக்க வேண்டும். நிறுவனம் வேண்டாம் என்று சொன்னதே முடிவாகிவிடாது. பெரும்பாலும் இந்த நோட்டீஸ் போயே இருக்காது. மறுத்தது சரி என்று நிரூபிக்க வேண்டிய பாரம் 19(5)படி அவர்கள் தலையில்தான், உங்கள் தலையில் இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சிறையின் எந்த மூலையில் கேமரா இல்லை, எந்தக் கதவு பலவீனம் என்று ஆலோசகர் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பக்கங்களைத் தராமல் இருப்பது சரியே, நானே கேட்க மாட்டேன். அதற்காகத்தான் பத்தாவது பிரிவு இருக்கிறது: மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மிச்சத்தைக் கொடு. பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் பின்வாங்கிவிடுகிறோம். ராஜ் நாராயண் வழக்கில் 1975-ல் உச்ச நீதிமன்றத்தின் முன்னால் வந்ததே பிரதமரின் பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய நீலப் புத்தகம்தான், ஆவணத்தைப் பார்த்து எது பொதுநலனுக்குக் கேடு என்று தீர்மானிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று அன்றே சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால் ஆலோசகரின் பில் எம்மாத்திரம்?

ஆலோசகரின் தனிப்பட்ட விவரம் என்று சொல்லி 8(1)(ஜே)-ஐயும் இனி அடிக்கடி எடுப்பார்கள், 2025 நவம்பரில் அந்தப் பிரிவை மாற்றிவிட்டார்கள், முன்பு அதற்குள்ளேயே இருந்த பொதுநலன் வரி போய்விட்டது. ஆனால் பாதுகாக்க வேண்டிய நலனைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்கிற 8(2) அப்படியே இருக்கிறது. ஓய்வுபெற்ற அதிகாரியை ஆலோசகராக வைத்திருந்தால் இது முக்கியமாகத் தேவைப்படும்.

சரி, சிறைத்துறை. "ஐந்து வருடத்தில் மொத்தம் எவ்வளவு" என்று நீங்கள் கேட்டது ஒரு கணக்கை. அந்தக் கணக்கை அவர்கள் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கவில்லை என்றால், உங்களுக்காக உட்கார்ந்து போட வேண்டிய கடமை இல்லை என்று ஆதித்யா பந்தோபாத்யாய் வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே கணக்கைக் கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள். முதல் மேல்முறையீட்டோடு கூடவே புதிதாக ஒரு மனு போடுங்கள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி. அதில் ஒரு நிதியாண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, வெளி நபருக்கோ நிறுவனத்துக்கோ ஆலோசனைப் பணி கொடுத்த பணி ஆணை, ஒப்பந்தம், டெண்டர் இல்லாமல் கொடுத்திருந்தால் அதற்கான காரணம் எழுதப்பட்ட கோப்புக் குறிப்பு, கொடுத்த பில்கள், வேலை முடிந்தது என்று அதிகாரி கையெழுத்திட்ட சான்று, ஆலோசகர் கொடுத்த இறுதி அறிக்கையின் முதல் பக்கமும் பொருளடக்கமும், இவற்றின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். அதிகம் என்று சொன்னால் 2(ஜே)படி நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள், முதல் ஒரு மணி நேரம் இலவசம். 7(9)-ஐ காட்டி மறுக்க முடியாது, தகவல் தரும் வடிவத்தை மாற்றத்தான் அந்தப் பிரிவு அனுமதிக்கிறது.

அந்த வேலை முடிந்த சான்றுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. தொகை பெரிதா சிறிதா என்று நாம் சண்டை போடலாம், ஆனால் அறிக்கை வந்ததா, வந்ததை யாராவது படித்தார்களா, படித்து ஒரு ஆணையாவது போட்டார்களா என்பது அந்த ஒரு தாளில் தெரிந்துவிடும்.

இப்போது பலர் கோட்டைவிடும் இடம். நீங்கள் "ஆலோசனை நிறுவனம்" என்று கேட்டீர்கள். கோப்பில் அந்தச் சொல்லே இருக்காது. திட்ட மேலாண்மை அலகு என்று இருக்கும், தொழில்நுட்ப உதவி என்று இருக்கும், ஒப்பந்த அடிப்படையில் வல்லுநர் என்று இருக்கும். 2009-ல் மத்திய அரசு 2,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்த சிசிடிஎன்எஸ், அதாவது நாடெங்கும் காவல் நிலையங்களைக் கணினியில் இணைக்கும் திட்டம், அதிலேயே ஒவ்வொரு மாநிலமும் திட்ட ஆலோசகரை வைத்துக்கொள்ள இடம் உண்டு. டெண்டர் ஆவணம் தயாரிக்க ஒருவர், பிறகு வேலையை மேற்பார்வை பார்க்க ஒரு குழு. அப்புறம், பணம் எப்போதும் காவல்துறை கையிலிருந்தே போகாது. கணினி சம்பந்தப்பட்டது தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் வழியாகப் போகலாம், கட்டடம் சம்பந்தப்பட்டது தமிழ்நாடு காவலர் வீட்டு வசதிக் கழகம் வழியாகப் போகலாம், ஆக "நாங்கள் எந்த ஆலோசகருக்கும் பணம் தரவில்லை" என்று துறை சொல்வது பொய்யாக இல்லாமலேயே இருக்கும். இவையும் பொது அதிகார அமைப்புகள்தான், மனு போடலாம். இடம் மாறிப் போன மனுவை ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று 6(3) இருக்கிறது, அதை மனுவின் கடைசி வரியில் நினைவுபடுத்துங்கள். எந்தப் பெயரில் தேடுவது என்று தெரிய, வரவு செலவுத் திட்டத்தில் காவலுக்கான மானியக் கோரிக்கை எண் 22-ஐயும் சிறைகளுக்கான 24-ஐயும் எடுத்து, தொழில்முறை மற்றும் சிறப்புப் பணிகளுக்கான செலவு என்று வரும் வரிகளைப் பாருங்கள். வக்கீல் கட்டணமெல்லாம்கூட அதில்தான் கலந்திருக்கும், ஆனாலும் நூல் பிடிக்க அது ஒரு முனை.

காகிதம் வந்த பிறகு என்ன செய்வது? சேவையைப் பெறுவதும் கொள்முதல்தான், தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998 அதற்கும் பொருந்தும். 16-வது பிரிவில் உள்ள விதிவிலக்குகளில் ஒன்றுக்குள் வராமல் நேரடியாக ஒருவருக்கே கொடுத்திருந்தால் அதுவே பெரிய ஓட்டை. அதைச் சென்னையிலுள்ள முதன்மைக் கணக்காய்வுத் தலைவர் அலுவலகத்துக்கு ஆவண நகலோடு எழுதுங்கள். தணிக்கை அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும், மெதுவாகத்தான், ஆனால் அதிகாரி எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய இடம் அதுதான். பொதுநல வழக்கு என்று உடனே கிளம்ப வேண்டாம், டெண்டர் முடிவு சரியா என்று நீதிமன்றம் மேல்முறையீடு மாதிரி உட்கார்ந்து பார்க்காது, முடிவெடுத்த விதத்தைத்தான் பார்க்கும் என்பது 1994-ன் டாடா செல்லுலார் தீர்ப்பிலிருந்து நிலையான சட்டம். லஞ்சம் கைமாறியதற்கு ஆதாரம் கிடைத்தால் மட்டும் லஞ்ச ஒழிப்புத் துறை, அதற்கும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ-யில் முன் அனுமதி தேவைப்படும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், பொதுக் கடமையைச் செய்வதற்காக அரசிடம் கட்டணம் வாங்குகிறவரும் அதே சட்டத்தில் பொது ஊழியர்தான், "நான் தனியார்" என்று ஆலோசகர் எளிதில் தப்பிக்க முடியாது.

முதல் மேல்முறையீட்டில் 30 நாளில், காரணம் எழுதினால் அதிகபட்சம் 45 நாளில் முடிவு வர வேண்டும். வராவிட்டால் அல்லது பாதகமாக வந்தால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். நியாயமான காரணமின்றி மறுத்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 வரை அபராதம் கேட்கலாம். அங்கே காத்திருப்பு நீளும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக அந்தப் போன். தகவல் எதற்கு என்று கேட்கவே கூடாது என்கிறது 6(2). ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு வழக்கின் விசாரணை இருக்க வேண்டும், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 179-ன்படி எழுத்தில் அழைக்க வேண்டும், அப்போதும் 60 வயதுக்கு மேற்பட்டவரை வீட்டை விட்டு வேறெங்கும் வரச் சொல்ல முடியாது. உங்களுக்கு 64. மறுபடி கூப்பிட்டால் "எழுத்தில் அனுப்புங்கள் தம்பி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். அழைப்பு வந்த எண்ணையும் நேரத்தையும் டைரியில் குறித்து, மேல்முறையீட்டு மனுவில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள்.