நாலு பேரும் முடித்துவிட்டார்கள், ஆப் மட்டும் ஓடவில்லை

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர். பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிக்கிறேன். சிறு தேயிலை விவசாயிகளின் பச்சைக் கொழுந்து எடையைப் பதிவு செய்யும் மொபைல் ஆப் ஒன்றை நாலு பேர் சேர்ந்து செய்கிறோம். நான்தான் டீம் லீடர். ஜூலையிலேயே வேலையைப் பிரித்துவிட்டேன். ஒருவனுக்குத் திரை வடிவமைப்பு, எனக்கு சர்வர், இன்னொருவனுக்கு டேட்டாபேஸ், தோழி ஒருத்திக்கு ரிப்போர்ட். யாரைக் கேட்டாலும் “90 சதவீதம் முடிந்தது” என்கிறார்கள். சேர்த்துப் பார்த்தால் எதுவும் ஓடவில்லை. டேட்டாபேஸ் பார்க்கிறவன் கூடலூர்க்காரன், ஆகஸ்ட் முழுக்க ஒன்றுமே செய்யவில்லை. கடைசியில் நானே ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுகிறேன். இறுதி ரிவ்யூவுக்கு இன்னும் ஐந்து வாரம்தான். நன்றாகக் கோடிங் தெரிந்த ஜூனியர் ஒருவனைத் துணைக்குச் சேர்க்கலாமா? கூடலூர் நண்பனைப் பற்றி கைடிடம் சொல்லிவிடலாமா? வேலைகளை அட்டை அட்டையாகப் பலகையில் ஒட்டிப் பார்க்கும் ட்ரெல்லோ மாதிரி ஆப் ஏதாவது வைத்தால் சரியாகுமா?
— பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: தங்கச்சி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ட்ரெல்லோ வைத்தால் சரியாகாது. ஜூலையில் பிரித்த அதே நாலு வேலையை நாலு அட்டையாக அதில் ஒட்டினால், ரிவ்யூ அன்று காலையிலும் அந்த நாலும் ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்ற கட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும். கோளாறு நீங்கள் பிரித்த விதத்தில் இருக்கிறது.

கொழுந்து எடுப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். காலையில் ஆளுக்கொரு நிரை. ஒருத்தி மொட்டை மட்டும் கிள்ளுவாள், அடுத்தவள் இலையை மட்டும் கிள்ளுவாள், மூன்றாமவள் பையை மட்டும் சுமப்பாள் என்று எந்தத் தோட்டத்திலாவது உண்டா? அவரவர் நிரையில் அவரவரே இரண்டு இலை ஒரு மொட்டாகக் கிள்ளி, தன் பையை நிரப்பி, தானே எடைக்குக் கொண்டுபோகிறார்கள். தராசு முன்னால் நின்றுகொண்டு “90 சதவீதம் கிள்ளிவிட்டேன்” என்று யாரும் சொல்ல முடியாது. கிலோ எவ்வளவு, அதைச் சொல் என்பார்கள்.

உங்கள் டீமிலோ ஒருவன் மொட்டு, ஒருவன் இலை. திரை செய்கிறவனுக்கு சர்வர் வராமல் தன் திரை சரியா என்று தெரியாது. சர்வர் எழுதுகிற உங்களுக்கு டேட்டாபேஸ் வராமல் தெரியாது. அதனால் நாலு பேரும் உண்மையாகவே தங்கள் பங்கு ஏறக்குறைய முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. மீதி 10 சதவீதம் என்று சொல்கிறார்களே, அதுதான் ஒன்றோடு ஒன்று சேர்க்கிற வேலை. பாதி ப்ராஜெக்ட் அதில்தான் இருக்கிறது, அதற்கு மட்டும் ஆள் போடவில்லை.

எனக்கும் இது நடந்திருக்கிறது. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐந்து பேர் ஐந்து பாகத்தை மூன்று மாதம் தனித்தனியாகச் செய்தோம். காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின இரவுதான் சேர்த்தோம். என் பாகம் தேதியை நாள், மாதம் என்ற வரிசையில் அனுப்பியது. வாங்கிக்கொள்கிற பாகம் மாதம், நாள் என்று படித்தது. ஏப்ரல் 3-ஆம் தேதிக் கணக்கெல்லாம் மார்ச் 4-க்குப் போய்விட்டது. 13-ஆம் தேதியிலிருந்து எல்லாம் பிழை என்று நின்றது, ஏனென்றால் பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று கிடையாதே. முதல் வாரமே ஒரே ஒரு தேதியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அனுப்பிப் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை. அன்று விடிய விடிய உட்கார்ந்தோம், மறுநாள் வாங்கிய திட்டு தனி.

அதனால் இந்த வாரம் பழைய பங்கீட்டைத் தூக்கிப் போடுங்கள். இந்தச் சனிக்கிழமை நாலு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே ஒரு இழையை மட்டும் ஓட்டுங்கள். கொழுந்து வாங்குகிற ஏஜென்ட் ஒரு விவசாயியின் பெயரைத் தொடுகிறார், எடையை அடிக்கிறார், ‘சேமி’ என்கிறார். அது சர்வருக்குப் போய், டேட்டாபேஸில் உட்கார்ந்து, அந்த விவசாயியின் போனில் தெரிய வேண்டும். அவ்வளவுதான். லாகின் வேண்டாம், லோகோ வேண்டாம், பச்சைக் கலரில் பட்டன் வேண்டாம். அசிங்கமாக இருந்தாலும் ஓட வேண்டும்.

அது ஓடிய பிறகு ஆளுக்கொரு நிரை கொடுங்கள். ஒருவருக்கு, விவசாயியின் மாதக் கணக்கு. இன்னொருவருக்கு, ஈரக் கொழுந்துக்குக் கழிக்கிற எடை. அடுத்தவருக்கு, கொடுத்த முன்பணத்தைக் கழித்து மீதி காட்டுவது. நாலாமவருக்கு, சிக்னல் இல்லாத இடத்தில் போனிலேயே சேமித்து, சிக்னல் வந்ததும் அனுப்புவது. நம் மலையில் இந்த நாலாவது இல்லாவிட்டால் ஆப்பே வீண் என்பது உங்களுக்கே தெரியும். எந்த நிரையை எடுத்தவரும் திரையிலிருந்து டேட்டாபேஸ் வரை தானே செய்ய வேண்டும். “அவனுக்கு டேட்டாபேஸ் மட்டும்தான் தெரியும்” என்பீர்கள். தெரியாததைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் செய்யட்டும், அதற்குத்தானே கல்லூரி.

ரிப்போர்ட் எழுதும் தோழியைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. கோடிங் வராது என்று நினைக்கிற ஆளிடம், பெரும்பாலும் அது ஒரு பெண்ணாகவே இருக்கும், ரிப்போர்ட்டைத் தள்ளிவிடுவது எல்லா பேட்ச்சிலும் நடக்கிறது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் அவளைப் பார்த்து “நீ என்னம்மா செய்தாய்?” என்று கேட்பார். அந்த நிமிடம் அவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அவளுக்கும் ஒரு நிரை கொடுங்கள். ரிப்போர்ட்டை, அவரவர் செய்த பகுதியை அவரவர் எழுதட்டும்.

இனி அட்டைக்கு வரலாம். ஒரு நிரையையும் அப்படியே ஒரே அட்டையாக எழுதக் கூடாது. ஒன்றிரண்டு சாயங்காலத்தில் முடிகிற அளவுக்கு உடைக்க வேண்டும். ‘மாதக் கணக்கு’ என்று எழுதினால் அது அட்டை இல்லை, தலைப்பு. ‘ஒரு விவசாயியின் செப்டம்பர் எடைகளைக் கூட்டி ஒரே எண்ணாகத் திரையில் காட்ட வேண்டும்’ என்று எழுதினால் அது அட்டை. படித்தவுடன் எதைப் பார்த்தால் முடிந்தது என்று சொல்லலாம் என்பது புரிய வேண்டும். ‘முடிந்தது’ என்பதற்கும் ஒரு தராசு வையுங்கள். செய்தவர் வாயே திறக்காமல் பக்கத்தில் நிற்க, டீமில் இன்னொருவர் தன் போனில் அதைத் திறந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடினால் முடிந்தது. ஓடாவிட்டால் முடியவில்லை. சதவீதம் என்ற பேச்சையே எடுத்துவிடுங்கள்.

அட்டைகளை ஒட்டுகிற பலகைக்கு சார்ட் பேப்பரே போதும். செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என்று மூன்று கட்டம். ஜப்பானில் டயோட்டா கார் தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் கொண்டுவந்த கான்பான் முறையிலிருந்து மென்பொருள்காரர்கள் எடுத்துக்கொண்டது இது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் தட்டில் சரக்கு குறையக் குறைய நிரப்புவதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்ததாம். அதில் முக்கியமான விஷயம் நடுக்கட்டம். ஒரு ஆளின் பெயரில் அங்கே ஒரே ஒரு அட்டைதான் இருக்கலாம். அது முடியாமல் அடுத்ததைத் தொடக் கூடாது. மூன்றைப் பாதி பாதியாக வைத்திருப்பவரைவிட, ஒன்றே ஒன்றை முடித்தவரால்தான் டீமுக்கு லாபம். (குன்னூர், கோத்தகிரி ஈரத்தில் சார்ட் பேப்பர் சுவரில் ஒட்டாது, இரண்டே நாளில் சுருண்டு விழும். குண்டூசி குத்துங்கள்.) தினமும் மாலையில் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் பஸ் பிடித்து ஓடியவர்களும் பார்த்துக்கொள்வார்கள். அந்த குரூப்பில் வேலை ஒப்படைக்கிற பேச்சு மட்டும் வேண்டாம். “யாராவது லாகினைப் பாருங்கப்பா” என்பது நாலு மீம்ஸுக்கு மேலே போய்விடும், அந்த ‘யாராவது’ கடைசியில் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

கூடலூர் நண்பனுக்கு வருவோம். நீலகிரி ஒரே மாவட்டம் என்றாலும் மழை ஒன்றல்ல. உங்கள் கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் தேவாலாவும் ஒன்று. ஆகஸ்டில் நீங்கள் தூறலைப் பார்த்துக்கொண்டு கோடிங் செய்த அதே நேரத்தில், அங்கே மரம் விழுந்து, கரண்ட் போய், டவரும் போயிருக்கலாம். ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலைப்பாதை வேறு. நிஜமாகவே சோம்பேறியாகவும் இருக்கலாம், அதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் “ஏன் செய்யவில்லை?” என்று கேட்பதற்கு முன்னால் “ஆகஸ்டில் உன் வீட்டில் கரண்ட் இருந்ததா?” என்று கேட்டீர்களா? வடகிழக்குப் பருவமழையில் உங்கள் பக்கம் கரண்ட் போகும்போது அவன் வேலை செய்து கொடுப்பான்.

இதற்காகவே, கோடில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கிற கிட் என்ற மென்பொருளைப் பழகிக்கொள்ளுங்கள். லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது அது. முழுச் சரித்திரமும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். நெட் இல்லாமலே வேலையைப் பதிந்து வைத்து, சிக்னல் கிடைத்த இடத்தில், எல்லோர் கோடும் சேர்கிற கிட்ஹப் என்ற இணையதளத்துக்கு ஏற்றிவிடலாம். மலைக்காரர்களுக்கென்றே செய்த மாதிரி! ஒரே ஒரு கட்டுப்பாடு போதும். எல்லோர் வேலையும் சேர்கிற பொதுப் பிரதியில் (பொதுக் கிளை என்பார்கள்) இருப்பது எப்போதும் ஓட வேண்டும், அவரவர் மாற்றங்களை இரண்டு நாளுக்கு மேல் தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது. வாட்ஸ்அப்பில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘இதுதான் ஃபைனல்’ என்று ஜிப் ஃபைல் அனுப்புகிற பழக்கம் இன்றோடு போகட்டும்.

ஜூனியரைச் சேர்க்காதீர்கள். ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ், தாமதமான வேலையில் புது ஆளைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-லேயே எழுதிவிட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பேருக்குள் ஒருவரோடு ஒருவர் பேச 6 வழிகள். ஐந்தாவது ஆள் வந்தால் 10. அவனுக்கு எல்லாவற்றையும் விளக்க ஒரு வாரம் போகும், விளக்குகிற ஆளும் நீங்கள்தான். போதாததற்கு, அவன் எழுதியதை வைவாவில் யார் விளக்குவது?

அப்புறம், ராத்திரி வேலை. ஒருவர் அட்டை தேங்கியதும் நீங்கள் பிடுங்கிச் செய்துவிடுகிறீர்கள். உங்களுக்கு அது பொறுப்பு. அவர்களுக்கோ, செய்யாவிட்டாலும் நடந்துவிடும் என்ற தைரியம். நிரையில் ஒருத்தி பின்தங்கினால் பக்கத்து நிரைக்காரி இரண்டு செடி கிள்ளிக் கொடுப்பாள், ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு முழு நிரையையும் தானே எடுக்க மாட்டாள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், கீபோர்டு அவர்களிடமே இருக்கட்டும். வாரத்தில் இரண்டு நாள் சாப்பாட்டு இடைவேளையில் இருபது நிமிடம் பலகை முன்னால் நில்லுங்கள். எது முடிந்தது, எங்கே மாட்டிக்கொண்டோம், இவ்வளவுதான் பேச்சு. கம்பெனிகளைப் பார்த்து தினமும் மீட்டிங் வைக்க வேண்டாம், பஸ் போய்விடும்.

ஐந்து வாரத்தில் கடைசி வாரத்தை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். அதில் புதிதாக ஒரு வரி கோடும் கிடையாது, பிழை திருத்தமும் ரிப்போர்ட்டும் மட்டும். மீதி நாலு வாரத்தில் எது அடங்காதோ அதை வெட்டுங்கள். மேலே சொன்ன நாலு நிரையும் அடங்காவிட்டால் முன்பணக் கணக்கைத்தான் நான் முதலில் வெட்டுவேன்.

கைடிடம் போகலாம், தவறில்லை. ஆனால் ஒரு ஆளைப் பற்றிப் புகாராகப் போகாதீர்கள். புதுப் பங்கீட்டோடு பலகையை இரண்டு வாரம் ஓட்டுங்கள். பிறகு நாலு பேருமாகப் போய்ப் பலகையையும், கிட்ஹப்பில் யார் எப்போது என்ன ஏற்றினார்கள் என்ற பட்டியலையும் காட்டுங்கள். சொல்ல வேண்டியதை அதுவே சொல்லிவிடும். அப்போதும் அவன் பெயரில் ஒன்றுமே இல்லாவிட்டால், அவனை வைத்துக்கொண்டே பேசுங்கள்.

இன்னொன்று. சனிக்கிழமை முதல் இழை ஓடியதும் எடையில் 12.5 கிலோ என்று அடித்து, மறுபக்கம் என்ன வருகிறது என்று பாருங்கள். டேட்டாபேஸில் முழு எண் என்று வைத்திருந்தால் அரைக் கிலோ காணாமல் போயிருக்கும். அந்த அரைக் கிலோவுக்காக ஏஜென்ட்டுக்கும் விவசாயிக்கும் நடக்கிற சண்டையைத் தீர்க்கத்தானே ஆப் செய்கிறீர்கள்? கிலோவை விட்டுவிட்டு கிராமிலேயே, 12500 என்று சேமியுங்கள். தசமப் புள்ளித் தொல்லையே இருக்காது. தேதி எந்த வரிசையில் போகிறது என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.