இறாலா, கணவாயா?

கேள்வி: கல்லடிக் கரையில் நின்று தூண்டில் வீசுகிறேன். இறால் குத்திப் போட்டால் சிறுமீன்கள் கொத்தியே முடித்துவிடுகின்றன. வேறு என்ன இரை போடலாம்?

பதில்: இறால் பிழையில்லை தம்பி, ஆனால் கோது உரித்தால் மெத்தென்றிருக்கும், வீசும்போதே பாதி கழன்றுவிடும். கணவாய் வாங்குங்கள். விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, இரண்டு தரம் கோர்த்து, நுனியை மட்டும் தொங்கவிட்டால் சிறுசுகள் எவ்வளவு கொத்தினாலும் லேசில் போகாது. சூடை மீனை இரையாகப் போட்டால் அதன் வாசத்துக்குப் பாரை மீன் வரும், ஆனால் சதை உதிரும், மெல்லிய நூலால் சுற்றிக் கட்டத்தான் வேண்டும். முகத்துவாரப் பக்கம் போனால் கொடுவா மீனுக்கு உயிர் இறால்தான் என் தெரிவு, வாலில் மெதுவாகக் குத்துங்கள். அப்புறம், நாலு நாள் ஐஸில் கிடந்து நாறியதைப் போட்டுவிட்டுக் கடலைத் திட்டாதீர்கள்.