400 வெள்ளிப் பற்றுச்சீட்டும் மாமியாரின் ஃபேனும்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. நான், கணவர், பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள், மாமியார் என்று நான்கு பேர். மின்சாரம், தண்ணீர் மிச்சப்படுத்தும் சாதனம் வாங்க அரசாங்கம் கொடுத்த பருவநிலைப் பற்றுச்சீட்டு 400 வெள்ளியை இன்னும் தொடவே இல்லை. ஏர்கானுக்கு 11 வயது, ஓடுகிறது. ஃபிரிஜ்ஜுக்கு 13 வயது, அதுவும் ஓடுகிறது. 5 டிக் சிஸ்டம் 3 ஏர்கானுக்கு (மின் சிக்கனத்துக்கு 5 டிக் குறி பெற்றது, வெளியே ஒரே கம்ப்ரசரில் மூன்று அறைக்கு ஓடுவது) ஒரு கடையில் 4,200 வெள்ளி சொல்கிறார்கள். 24 மாத வட்டியில்லாத் தவணை, விலை இந்த ஞாயிறு வரைக்கும்தானாம். "மின்சாரத்தில் மிச்சமாகும் பணமே தவணையைக் கட்டிவிடும்" என்கிறார் கணவர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் பில்லில் மாதம் 520 யூனிட் வருகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் சந்தேகம் சரியானது. தவணை மாதம் 175 வெள்ளி. ஒரு யூனிட் 30 காசு என்று வைத்தால் உங்கள் வீட்டு மொத்த மின்கட்டணமே 156 வெள்ளிதான். ஏர்கானை அடியோடு கழற்றி எறிந்தாலும் மிச்சப் பணத்தில் அந்தத் தவணையைக் கட்ட முடியாது. இதை உங்கள் கணவரிடம் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

முதலில் பற்றுச்சீட்டு. 2024 ஏப்ரலில் வீவக வீடுகளுக்கு 300 வெள்ளி கொடுத்தார்கள், 2025 ஏப்ரலில் இன்னொரு 100 சேர்த்தார்கள். 2027 டிசம்பர் 31 வரை செல்லும். ஆகவே இந்த ஞாயிற்றுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஃபிரிஜ் என்றால் குறைந்தது 3 டிக், ஏர்கான் என்றால் 5 டிக், அப்புறம் குறைந்த மின்சாரத்தில் ஓடும் டிசி மோட்டார் ஃபேன், எல்இடி விளக்கு, தண்ணீர்ச் சிக்கனக் குழாய் இவற்றுக்கெல்லாம் திட்டத்தில் சேர்ந்த கடைகளில் பயன்படுத்தலாம். எதன் மேல் போட்டாலும் அதே 400தான். ஏர்கான் மேல் போட்டால் கூடுதல் லாபம் என்பது விற்பவரின் பேச்சு.

இனி டிக். 2008 முதல் ஃபிரிஜ், ஏர்கான் இரண்டிலும் எத்தனை டிக் என்று காட்டும் சீட்டை ஒட்டுவது கட்டாயம். 2011 முதல் குறைந்தபட்சத் தரமும் வந்தது. அதை எட்டாத மாடலைப் புதிதாக விற்க முடியாது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டில் அந்தச் சாதனம் தினம் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று டிக்குக்குத் தெரியாது. பணம் மிச்சமாவது அந்த மணி நேரத்தில்தான். தினம் 16 மணி நேரம் ஓடும் சாதாரண சாதனத்தை மாற்றுவது, வாரம் 4 மணி நேரம் ஓடும் உயர்ந்த சாதனத்தை வாங்குவதைவிடப் பல மடங்கு லாபம்.

பிறகு நான் கேட்டு நீங்கள் அனுப்பிய விவரப்படி உங்கள் படுக்கையறை ஏர்கான் இரவு 8 மணி நேரம் ஓடுகிறது. மகள் அறையில் 5 மணி நேரம். ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும், விருந்தாளி வந்தால், 4 மணி நேரம். புதிய 5 டிக் ஏர்கான் அறைகளில் மணிக்குக் கால் யூனிட் மிச்சப்படுத்தும், ஹாலில் அதைவிடச் சற்று அதிகம் என்று கொள்வோம். இது என் அனுமானம்தான், ஆனால் கஞ்சத்தனமான அனுமானம் அல்ல. படுக்கையறையில் ஆண்டுக்கு 219 வெள்ளி மிச்சம். மகள் அறையில் 137. ஹாலில் 19.

அந்த 19-ஐ இன்னொரு தடவை பாருங்கள். சிஸ்டம் 2-க்கு உத்தேசமாக 2,900 வெள்ளி என்றால், ஹாலுக்காக மட்டும் நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 1,300. ஆண்டுக்கு 19 வெள்ளி வீதம் அது திரும்பி வர 68 ஆண்டு ஆகும். மகளின் பேரப்பிள்ளைகள் வந்து கணக்கை முடிக்க வேண்டும்.

இதை நான் உயரத்தில் நின்றுகொண்டு சொல்லவில்லை. எட்டு வருடங்களுக்கு முன் என் வீட்டில் சிஸ்டம் 4 போட்டேன். நாலாவது யூனிட் ஸ்டோர்ரூமை ஒட்டிய சின்ன அறையில் மாட்டியிருக்கிறது. அங்கே இருப்பவை இரண்டு ரைஸ் குக்கர் அட்டைப்பெட்டி, தீபாவளி விளக்குச்சரம், ஒரு பழைய ஹார்மோனியம். போன வருடம் ரிமோட்டைத் திறந்தேன், பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்துப் போயிருந்தது. நிதி ஆலோசகர் வீட்டு லட்சணம் இது.

சிஸ்டம் 3-இல் இன்னொன்றையும் கவனியுங்கள். வெளியே இருக்கும் கம்ப்ரசர் ஒன்றுதான், அது மூன்று அறைக்குமான அளவில் இருக்கும். டிக் கொடுப்பதற்கு முழு வேகத்திலும் பாதி வேகத்திலும் சோதிக்கிறார்கள். நள்ளிரவில் ஒரே ஒரு அறைக்கு மட்டும் ஓடும்போது அது பாதிக்கும் கீழே இறங்கலாம். சீட்டில் போட்டிருக்கும் சிக்கனம் அப்போது அப்படியே கிடைக்காது.

மாமியாருக்கு வெக்கை தாங்கவில்லை, ஹாலிலும் ஏர்கான் வேண்டும் என்றால் தாராளமாகப் போடுங்கள். அது வசதிக்கான செலவு, நியாயமான செலவு. சேமிப்பு என்று மட்டும் பெயர் வைக்க வேண்டாம்.

ஃபிரிஜ்ஜுக்கு வருவோம். நீங்கள் பிளக்கில் மீட்டர் மாட்டி அளந்தபோது ஒரு நாளைக்கு 1.7 யூனிட் இழுத்தது. ஆண்டுக்கு 620. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் 850 வெள்ளி ஃபிரிஜ்ஜின் சீட்டில் ஆண்டுக்கு 330 யூனிட் என்று இருக்கிறது. மிச்சம் 290 யூனிட், அதாவது 87 வெள்ளி. பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் முதல் திரும்பப் பத்து வருடம் ஆகும், ஓடுகிற ஃபிரிஜ்ஜை மாற்றாதீர்கள் என்றே சொல்லியிருப்பேன். 400 போக 450 வெள்ளி என்றால் ஐந்து வருடத்தில் கை மேல் வந்துவிடும். அரசாங்கம் பணம் கொடுப்பதன் நோக்கமே இந்த இடைவெளியை அடைப்பதுதான்.

வாங்கும் முன் ஒரு சோதனை. பத்து வெள்ளி நோட்டு ஒன்றை ஃபிரிஜ் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. ரப்பரை மட்டும் மாற்றினாலே அந்த 1.7 இறங்கக்கூடும், அதற்கு ஆகும் செலவும் குறைவு. மாற்றிய பின் திரும்ப அளந்து முடிவு செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. "மாமியார் காலை முதல் ராத்திரி வரை ஹாலில் ஃபேனுக்குக் கீழேதான், வசந்தம் டிவி பார்த்துக்கொண்டு" என்று அந்த விவரத்தோடு போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பழைய சீலிங் ஃபேன் 70 வாட் இழுக்கும் ரகம் என்றால், 30 வாட் டிசி ஃபேனுக்கு மாற்றினால் தினம் 16 மணி நேரத்துக்கு ஆண்டில் 234 யூனிட் மிச்சம். 70 வெள்ளி! பொருத்துவதோடு சேர்த்து 220 வெள்ளி ஆனால், சலுகை எதுவும் இல்லாமலே மூன்று வருடம், சில மாதத்தில் முதல் வந்துவிடும். உங்கள் வீட்டில் இதற்கு இணையான முதலீடு வேறில்லை.

ஆகவே என் சொல் இதுதான்: ஃபேன், ஃபிரிஜ் இரண்டும் சேர்த்து 1,070. பற்றுச்சீட்டு போக 670. ஆண்டுக்கு 157 வெள்ளி மிச்சம், நாலே கால் வருடத்தில் தீரும். தவணை எதற்கு, கையிலிருக்கும் பணத்திலிருந்தே கொடுத்துவிடுங்கள். வட்டியில்லாத் தவணை என்பதில் ஒரு மாதம் தவறினால் கிரெடிட் கார்டு வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டைத் தாண்டும். எந்த டிக்கும் அதை ஈடுகட்டாது.

பழைய ஃபிரிஜ்ஜை எடுத்துப்போகக் கடைக்காரர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2021 ஜூலை முதல், புதிது கொண்டுவந்து இறக்கும்போது அதே வகைப் பழையதை இலவசமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் பத்து வெள்ளி தருகிறார் என்றால் அது உங்கள் இஷ்டம். "பானம் வைக்க இருக்கட்டும்" என்று அடுக்களை மூலையில் நிறுத்தி மறுபடி பிளக்கைச் செருகினால் மட்டும் மேலே போட்ட கணக்கு முழுக்க வீண்.

ஏர்கான் ஓடும்வரை ஓடட்டும். ஒழுங்காக சர்வீஸ் செய்யுங்கள், 25-இல் வையுங்கள், கூடவே ஃபேன் போடுங்கள். கம்ப்ரசர் போன பிறகு கணக்கே வேறு. அப்போது பழையதோடு ஒப்பிட வேண்டியதில்லை. எப்படியும் புதிது வாங்கத்தான் போகிறீர்கள், 5 டிக்குக்கும் அதற்குக் கீழே உள்ளதற்கும் விலை வித்தியாசம் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்தால் போதும். தினம் 8 மணி நேரம் ஓடும் அறைக்கு 5 டிக் அநேகமாக ஜெயிக்கும்.

30 காசு குறையுமா என்று காத்திருக்க வேண்டாம். இங்கே மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது, உலக விலையோடு ஏறி இறங்கும். அதன் மேல் கரியமில வாயு வெளியேற்றத்துக்கான கரிம வரி டன்னுக்கு 5 வெள்ளியில் தொடங்கி 2024-இல் 25 ஆனது, 2026-இல் 45. 2030-க்குள் 50 முதல் 80 வரை என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள்.

மாற்றிய பின் பில்லில் வெள்ளியைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் அரசாங்கத்தின் யூ-சேவ் கட்டணத் தள்ளுபடி கழிந்து வரும்போது எல்லாருக்குமே தங்கள் ஃபிரிஜ் மகா சிக்கனம் என்று தோன்றும். 520 என்பது 475-ஐ ஒட்டி வந்தால் கணக்கு சரி.

ஞாயிறு கெடு முடியட்டும். திங்கட்கிழமை அதே கடைக்கு போன் செய்து சிஸ்டம் 2 விலையைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏர்கான் நின்றுபோகும் நாளில் அவசரத்தில் தலையாட்டாமல் இருக்க அது உதவும்.