மஞ்சள் டப்பாவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? சூரியகாந்தி ஓவிய வகுப்புகள் பற்றிய கேள்வி-பதில்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு என்றாலே இப்போது சூரியகாந்திதான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பெரம்பூர் வரை பேனரில் அந்த மஞ்சள் முகம்தான் சிரிக்கிறது. வந்த கேள்விகளும் அதைச் சுற்றியே இருப்பதால் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுக்குப் பக்கத்தில் 'சூரியகாந்தி ஸ்பெஷல்' என்று எட்டு ஓவிய வகுப்புகள். கட்டணம் 2,400 ரூபாய். அதற்கு மேல் 1,450 ரூபாய்க்கு ஒரு கிட். அதை அவர்களிடமேதான் வாங்கணுமாம், வெளியிலிருந்து கொண்டுவந்தால் சேர்க்க மாட்டார்களாம். கேன்வாஸ் போர்டு இரண்டு, 12 கலர் அக்ரிலிக், ஆறு பிரஷ், பேலட், ஏப்ரன், அவுட்லைன் தாள் இதெல்லாம் அதில் இருக்கிறது. வாங்கலாமா? (வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: கட்டணம் உங்கள் வசதி, ஆசிரியரின் கைவண்ணம் இரண்டையும் பொறுத்தது, அதில் நான் தலையிடவில்லை. கிட்தான் இடிக்கிறது.

எட்டு வகுப்புக்கு இரண்டே இரண்டு கேன்வாஸ் போர்டு. அப்படியானால் உங்கள் மகள் மொத்தமாக இரண்டு படம்தான் போடப் போகிறாள், இரண்டும் வீட்டில் மாட்டுகிற மாதிரி வந்தாக வேண்டும். அவள் கை தடுமாறினால் சார் பிரஷை வாங்கித் திருத்துவார். அவுட்லைன் தாளை எதற்குச் சேர்த்திருக்கிறார்கள் என்பதும் இங்கேதான் புரிகிறது. எட்டு வயதுப் பிள்ளை நாலு தாளைக் கிழித்துப் போட்டு ஐந்தாவதில் ஒரு பூவைப் பிடிக்கும். அதற்குத் தேவை போர்டு அல்ல, நிறையத் தாள்.

தாளில் ஜி.எஸ்.எம். என்று ஓர் எண் போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. ஜெராக்ஸ் தாள் 70, 80 அளவில் இருக்கும். தண்ணீர் பட்டால் அது அப்பளமாக நெளிந்துவிடும். போஸ்டர் கலருக்கு 180 ஜி.எஸ்.எம். கார்ட்ரிட்ஜ் தாள் (தடித்த வரைதாள்) போதும். ஆயில் பேஸ்டலுக்கு அதைவிட மெல்லிய தாளே தாங்கும். அக்ரிலிக் இந்த வயதுக்கு வேண்டாம் என்பது என் கட்சி. சீக்கிரம் காய்ந்துவிடும், காய்ந்தபின் துணியை விட்டுப் போகாது, பிரஷைக் கழுவ மறந்தால் மறுநாள் அது குச்சிதான். போஸ்டர் கலர் தண்ணீரில் போய்விடும். தனித்தனி டப்பாவாகவும் கிடைக்கும். ஒரு சின்ன செட் வாங்கி, கூடவே மஞ்சள் இரண்டு டப்பா தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். சூரியகாந்தி போடுகிற வீட்டில் மற்ற கலரெல்லாம் அப்படியே இருக்க, மஞ்சள் மட்டும் தீர்ந்துபோகும். பிரஷ் ஆறு எதற்கு? உருண்டை முனையில் சிறிது ஒன்று, பெரிது ஒன்று, பட்டை ஒன்று, முடிந்தது.

இத்தனையும் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஒவ்வொரு பொருளிலும் இருக்கும் எம்.ஆர்.பி.யைக் குறித்துக்கொண்டு கூட்டி, 1,450-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெருவில் நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து மொத்தமாக எடுத்தால் இன்னும் குறையும்.

'எங்களிடமே வாங்கணும்' என்பதற்கும் வருகிறேன். ஒரு சேவையைப் பெற இன்னொரு பொருளை வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 கட்டுப்பாட்டு வணிக நடைமுறை என்று சொல்லி, புகாருக்கு உரிய விஷயமாக வைத்திருக்கிறது. முதல் நாளே சட்டம் பேச வேண்டாம். "பட்டியலைக் கொடுங்க சார், நானே வாங்கிக்கிறேன்" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் ஒத்துக்கொள்வார்.

பணம் கட்டுமுன் சுவரையும் பாருங்கள். பழைய மாணவர்களின் சூரியகாந்திகள் வரிசையாக மாட்டியிருக்கும். எல்லாப் பூவும் ஒரே கோணத்தில், ஒரே இலையோடு, ஒரே ஜாடியில் இருந்தால் வரைந்தது ஒரே கை. ஒன்று கோணலாக, ஒன்று காம்பே இல்லாமல், ஒன்று தாளை விட்டு வெளியே போய் இருந்தால் தைரியமாகச் சேர்க்கலாம். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்திலும் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறார்கள். அதையும் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எங்க படகுக்கு அடிச்ச மஞ்சள் பெயிண்ட் அரை டப்பா மிச்சம் இருக்கு. பையன் ஸ்கூல்ல பழைய தட்டுல சூரியகாந்தி பெயிண்ட் பண்ணி எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. அதையே குடுத்தா கலர் வாங்குற காசு மிச்சம்தானே? (வாசகர், காசிமேடு)

பதில்: கொடுக்காதீர்கள். காசு மிச்சமாகும் என்பது உண்மைதான், ஆனால் அந்த டப்பா பிள்ளை கைக்கு ஆகாது.

மஞ்சள் நிறத்துக்குப் பழங்காலம் தொட்டு ஒரு சிக்கல் உண்டு. பளீரென்ற மஞ்சளுக்கு மலிவான வழி ஈயக் குரோமேட். ஓவியர் வின்சென்ட் வான்கோ தன் சூரியகாந்திகளுக்குப் பயன்படுத்திய குரோம் மஞ்சளும் அதுதான். வெளிச்சம் பட்டுப் பட்டு அது பழுப்படிக்கிறது என்று அருங்காட்சியகங்கள் இன்று கவலைப்படுகின்றன. நமக்குக் கவலை வேறு. ஈயம் பிள்ளைகள் உடம்பில் பெரியவர்களைவிட அதிகம் சேரும், மூளை வளர்ச்சியைத்தான் பாதிக்கும். பெயிண்ட் ஒட்டிய விரல் அடுத்த நிமிடம் வாய்க்குத்தான் போகும்.

வீட்டுக்கு அடிக்கும் அலங்காரப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி வந்து, 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அந்த விதி வீட்டுப் பெயிண்டுக்கு மட்டும். படகு, எந்திரம் இவற்றுக்கு அடிக்கும் தொழிற்சாலை வகைப் பெயிண்டுகளுக்கு அது பொருந்தாது. அதில் கலக்கும் தின்னர் வாடையும் மூடிய அறையில் பிள்ளைகளுக்குக் கெடுதல். கடையில் பொட்டலம் கட்டித் தரும் பெயர் தெரியாத மஞ்சள் பவுடருக்கும் இதே பதில்தான்.

தட்டில் வரையப் போஸ்டர் கலரில் ஒரு சொட்டு ஃபெவிகால் கலந்தால் போதும், உதிராமல் பிடிக்கும். இன்னும் சின்னப் பிள்ளை விரலால் தொட்டு வரைவதற்கு வாங்கினால், விரல் வண்ணங்களுக்கென்றே, பொம்மைப் பாதுகாப்புக்கான ஐ.எஸ். 9873 என்ற இந்தியத் தரத்தில் ஏழாவது பகுதி ஒன்று இருக்கிறது. டப்பாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். பெரிய எழுத்தில் 'நான்-டாக்ஸிக்' என்று மட்டும் போட்டு, தயாரிப்பாளர் முகவரியே இல்லாமல் வந்தால் அதைத் திருப்பி வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. 38 பிள்ளைகள். சூரியகாந்தியை வைத்து ஒரு மாதம் ஓவியப் பாடம் நடத்த ஆசை. செலவு என் கைக்காசு. எதை வாங்க, எதை விட? (வாசகி, வியாசர்பாடி)

பதில்: முதலில் ஒரு நிஜப் பூ வாங்குங்கள். மாலை கட்டும் கடையில் இருக்காது, பொக்கே செய்யும் கடையில் சொல்லி வைத்தால் ஒற்றைப் பூவாகத் தருவார்கள். வேறெதையும்விட உங்கள் காசு இதில்தான் பிரயோஜனப்படும். பிள்ளைகள் எல்லோரும் வட்டம் போட்டு, சுற்றி இதழ் போட்டு, நடுவே கண்ணும் வாயும் வைப்பார்கள், ஏனென்றால் பேனரில் பார்த்தது அதைத்தான். நிஜப் பூவை மேசையில் வைத்து நாலு நாலு பேராக வரச் சொல்லுங்கள். நடுவில் இருப்பது ஒரு வட்டமே அல்ல, நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள். ஓரத்தில் இருப்பவை முதலில் விரியும், நடுவில் உள்ளவை பச்சை மொட்டாகவே நிற்கும். அவை சுழல் சுழலாக அடுக்கியிருப்பதை விரலால் தொட்டுக் காட்டலாம். ஒரு பக்கம் 34 சுழல் என்றால் எதிர்ப்பக்கம் 55 வரும், பெரிய பூவில் 55-க்கு 89. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எண்ணிப் பார்க்க ஆசைப்படும். கலர் பென்சில் முனையால் புள்ளி வைத்துச் சுழலைப் போடச் சொன்னால் அன்றைய வகுப்பு முடிந்தது.

அடுத்து மஞ்சள். வான்கோ 1888 ஆகஸ்டில் பிரான்ஸின் ஆர்ல் நகரில், நண்பர் கோகன் வந்து தங்கவிருந்த அறைக்காகச் சூரியகாந்திகளை வரைந்தார். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் படத்தில் பூ மஞ்சள், ஜாடி மஞ்சள், பின்னணியும் மஞ்சள். அதில் பாதிப் பூ வாடி, இதழ் உதிர்ந்து தலை தொங்கி நிற்கிறது. அதன் கலர் பிரிண்ட் ஒன்று போதும். ஒரே மஞ்சளை வைத்து எத்தனை மஞ்சள் வருகிறது என்று பிள்ளைகள் கலந்து பார்க்கட்டும்: வெள்ளை சேர்த்து, துளி சிவப்பு சேர்த்து, பழுப்பு சேர்த்து. கறுப்பை மட்டும் ஒளித்து வையுங்கள். மஞ்சளில் கறுப்பு விழுந்தால் பாசிப் பச்சையாகிவிடும்.

விதை ஒட்டும் வேலை நிறைய வகுப்புகளில் நடக்கிறது. இங்கே கவனம் தேவை. நர்சரியிலும் உரக்கடையிலும் விற்கும் விதைப்பு விதைக்குப் பூச்சிமருந்து பூசி, அடையாளத்துக்கு இளஞ்சிவப்பு அல்லது வேறு சாயம் ஏற்றியிருப்பார்கள். அதை ஒட்டக் கொடுக்காதீர்கள். ஒட்டுவதற்குக் கடுகு, எள், உளுந்து போதும். நடுவதற்கு வாங்கினால் பாக்கெட்டில் முளைப்புத் திறன் சதவீதம், சோதித்த தேதி, எதுவரை செல்லும் என்ற தேதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள், பிள்ளைகளைத் தொட விடாமல் நீங்களே நட்டு, பிறகு கையைக் கழுவுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் உரித்து விற்கும் பருப்பு முளைக்காது. ஜூனில் பள்ளி திறந்ததும் நட்டால் ஆகஸ்ட், செப்டம்பரில் பூ பார்க்கலாம். இளஞ்செடிதான் சூரியனோடு திரும்பும். பூ முற்றியதும் கிழக்கு பார்த்து நின்றுவிடும். உங்கள் பக்கத்தில் கிழக்கு என்றால் கடல் இருக்கும் திசை, தொட்டியை வைக்கும்போதே வகுப்பு எந்தப் பக்கம் என்று யோசித்து வையுங்கள். இல்லாவிட்டால் 38 பேரும் பூவின் முதுகைத்தான் வரைவார்கள்.

கேன்வாஸ், ஈசல் (படம் நிறுத்தும் ஸ்டாண்டு), மினுமினுப்புப் பொடி இவற்றை விட்டுவிடுங்கள்.

கேள்வி: வான்கோ சூரியகாந்தியை அச்சிட்டு எண் போட்டுக் கலர் தீட்டும் கிட். 'லைசென்ஸ் கட்டணம்' என்று தனியாக 200 ரூபாய் வாங்குகிறார்கள். சரியா? (வாசகர், இராயபுரம்)

பதில்: வான்கோ இறந்தது 1890-ல். நம் நாட்டில் ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. அந்தப் படத்துக்கு யாருக்கும் லைசென்ஸ் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை. 200 ரூபாயை மிச்சம் பிடியுங்கள்.

கேள்வி: 12 வகுப்புக்கு 4,800 ரூபாய் முன்பணமாகக் கட்டினேன். மூன்று வகுப்பு முடிந்ததும் சார் நின்றுவிட்டார். இப்போது பிள்ளைகளை உட்காரவைத்து செல்போனில் வீடியோ போட்டுக் காட்டுகிறார்கள். பணத்தைக் கேட்டால் ரசீதில் 'கட்டிய பணம் திரும்பத் தரப்படாது' என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். கையால் எழுதிய ரசீதில் ஜி.எஸ்.டி. என்று 18 சதவீதம் வேறு. (வாசகர், பெரம்பூர்)

பதில்: அந்த அச்சு வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறைபாடான சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதைச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீதில் கால வரம்பு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது கணக்கு. அதனால் தாமதிக்காமல் இன்றே எழுதுங்கள். சேவையில் குறைபாடு என்பதும் தனிக் காரணம்: ஆசிரியர் சொல்லித் தருவார் என்று வாங்கிய காசுக்கு வீடியோ ஈடாகாது. மீதி ஒன்பது வகுப்புக்கு 3,600 ரூபாயும் அதற்கான வரியும் வேண்டும் என்று ஸ்பீட் போஸ்ட்டில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அதையே படமெடுத்து அனுப்புங்கள். சார் பெயர் போட்ட பேனர் இன்னும் தொங்கினால் முதலில் அதைப் படம் பிடியுங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நீங்களாகவே, பையனுக்குப் பிடிக்கவில்லை என்று நிறுத்தியிருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஜி.எஸ்.டி.க்கு எண் கேளுங்கள். எழுத்தும் எண்ணுமாக 15 இலக்கம், தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும். சேவையில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பவர் பதிவு செய்யத் தேவையில்லை, பதிவு செய்யாதவர் வரி வாங்கவும் கூடாது. கிரேயான், பென்சில், பேஸ்டலுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரியே இல்லை. கிட்டில் அதற்கும் 18 சதவீதம் போட்டிருந்தால் அதையும் கடிதத்தில் சேருங்கள்.

கேள்வி: தனியார் பள்ளியே 'சூரியகாந்தி ஓவிய மாதம்' என்று தலைக்கு 900 ரூபாய் கேட்கிறது. இதற்கும் நுகர்வோர் ஆணையம் போகலாமா? (வாசகி, கொடுங்கையூர்)

பதில்: அது கடினமான வழி. கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, தனிப் பயிற்சி மையம் வரும் என்று தேசிய ஆணையம் 2020 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பெரம்பூர் வாசகருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். உங்களுக்கு வேறு கதவு இருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழு நிர்ணயிக்கிறது, அதற்கு மேல் வாங்கக் கூடாது. 900 ரூபாய் அந்தக் கட்டணத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். வெளியே என்றால் கட்டண நிர்ணயக் குழுவுக்கு மனு போடலாம். ரசீது தராமல் டைரியில் குறித்து அனுப்பச் சொன்னால் அந்த டைரிப் பக்கத்தையும் படமெடுத்து மனுவோடு இணையுங்கள்.