ரவுட்டரில் ஹார்டு டிஸ்க் மாட்டிப் பகிர்வது: கடற்கரை வீடுகளுக்கான கேள்வி பதில்

இராமநாதபுரத்தில் பல ஆண்டுகளாகக் கணினி பழுது பார்த்து வருகிறேன். வீட்டு வைஃபை ரவுட்டரின் யூ.எஸ்.பி. துளையில் ஹார்டு டிஸ்க்கை மாட்டி, வீட்டில் உள்ள எல்லாக் கைபேசிகளும் கணினிகளும் அதைப் பயன்படுத்தும்படி செய்வது பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்த நிறுவனத்தின் இணைப்பு நல்லது, எந்தத் திட்டம் மலிவு என்ற கேள்விகளை விட்டுவிட்டேன்.

கேள்வி (கீழக்கரை): ஐயா, வாப்பாவின் பழைய புகைப்படங்களும் தங்கைமார் இருவரின் நிக்காஹ் வீடியோக்களும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. அதை ரவுட்டரில் மாட்டினால் வீட்டில் எல்லோரும் பார்க்கலாம் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? எங்களுடையது பழைய காலத்துச் சுண்ணாம்புச் சுவர் வீடு.

பதில்: டிஸ்க்கை மாட்டுவதற்கு முன்பு, அதில் உள்ள அனைத்தையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாத மாலையில், என் வீட்டு ரவுட்டரில் இருந்த டிஸ்க்கில் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது மின்சாரம் மூன்று முறை போய்ப் போய் வந்தது. மறுநாள் பார்த்தால் கோப்புறைகளின் பெயர்கள் இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. என் மகள் முதல் வகுப்புக்குப் போன நாளின் படங்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. ரவுட்டரில் மாட்டிய டிஸ்க்கைப் பகிர்வதற்கு மட்டும் நம்புங்கள். காத்து வைக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்காதீர்கள்.

அடுத்து, உங்கள் ரவுட்டரின் யூ.எஸ்.பி. துளை எதற்காக வைக்கப்பட்டது என்று பாருங்கள். சிலவற்றில் அது இணைய டாங்கிள் செருகுவதற்கு மட்டுமே இருக்கும். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இட்டு அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் (சரியான எண் ரவுட்டரின் அடியில் உள்ள ஒட்டுச்சீட்டில் இருக்கும்), கோப்புப் பகிர்வு அல்லது சம்பா (Samba) என்ற பெயரில் ஒரு பிரிவு இருக்க வேண்டும். ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டியில் அந்தப் பிரிவு பூட்டப்பட்டிருந்தால், அதனோடு மல்லுக்கட்டாமல், யூ.எஸ்.பி. பகிர்வு உள்ள ஒரு ரவுட்டரை வாங்கி லேன் கேபிளால் இணைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் இருக்கும்போதே நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபை பாதுகாப்பை டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்று வையுங்கள், கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஓர் எண்ணாலோ பொத்தானாலோ இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-ஆம் ஆண்டிலேயே தெரிந்துபோன செய்தி.

டிஸ்க் ஃபேட் 32 என்ற பழைய கோப்பு அமைப்பில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரு கோப்பை அது ஏற்காது. நிக்காஹ் வீடியோக்கள் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடும். ரவுட்டர் ஏற்குமானால் என்.டி.எஃப்.எஸ். அமைப்பே உங்களுக்குப் பொருந்தும், ஏனென்றால் ரவுட்டர் பழுதானாலும் டிஸ்க்கைக் கழற்றி நேரே விண்டோஸ் கணினியில் மாட்டிப் பார்க்கலாம். அமைப்பை மாற்றினால் டிஸ்க் முழுவதும் அழியும் என்பதால்தான் நகலை முதலில் எடுக்கச் சொன்னேன். அதன்பின் இரண்டு பயனர்களை உருவாக்குங்கள்: எழுதும் உரிமை உங்களுக்கு மட்டும், படிக்கும் உரிமை மற்ற எல்லோருக்கும். பிள்ளைகள் விளையாட்டாக ஒரு கோப்புறையை அழித்துவிட்டால், ரவுட்டரில் அதை மீட்டுத் தரும் குப்பைத் தொட்டி கிடையாது.

சுவர்களைப் பற்றிச் சொன்னது நல்லதாயிற்று. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய தடித்த சுவர்களை 5 கிகா ஹெர்ட்ஸ் அலை எளிதில் கடக்காது, 2.4 ஓரளவு கடக்கும். ரவுட்டரை வாசல் பக்கம் வைக்காமல் வீட்டின் நடுவில், முற்றத்தை ஒட்டி உயரமான இடத்தில் வையுங்கள். பின்கட்டுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து இன்னொரு வைஃபை கருவி வைத்தால் அந்தத் தொல்லை தீரும்.

கேள்வி (தங்கச்சிமடம்): டிஸ்க்கை மாட்டினால் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது. சிறிது நேரத்தில் டிஸ்க்கும் மறைந்துவிடுகிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?

பதில்: அதே டிஸ்க்கைக் கணினியில் மாட்டிப் பாருங்கள். அங்கே அமைதியாக ஓடினால் குறை மின்சாரத்தில் இருக்கிறது. யூ.எஸ்.பி. 2.0 துளை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 தர வேண்டியது 900. டிஸ்க்கின் தட்டு சுழலத் தொடங்கும் அந்த நொடியில் இதைவிடக் கூடுதலாகக் கேட்கும். தனி அடாப்டர் உள்ள யூ.எஸ்.பி. ஹப் ஒன்றை இடையில் வையுங்கள். மேசைக் கணினியில் இருந்து கழற்றிய 3.5 அங்குல டிஸ்க் என்றால் அதற்கு 12 வோல்ட் தனியாக வேண்டும். ரவுட்டரால் அதைத் தர இயலாது. கணினியிலும் அதே சத்தம் வந்தால், உடனே நிறுத்திவிட்டு இருப்பதை நகல் எடுக்க வழி பாருங்கள்.

கேள்வி (தொண்டி): நான் பள்ளி ஆசிரியன். விண்டோஸ் 11 கணினியில் ரவுட்டர் டிஸ்க் தெரியவே இல்லை. எஸ்.எம்.பி. 1 என்பதை இயக்கினால் தெரியும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். அது 1980-களில் பிறந்த பகிர்வு முறை. 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை, அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு கணினியில் இருந்து மற்றொன்றுக்குப் பரவியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் இருந்து மைக்ரோசாஃப்ட் அதைத் தானாக நிறுவுவதை நிறுத்தியது. ஆகவே உங்கள் கணினி சரியாகத்தான் நடந்துகொள்கிறது, பழையது ரவுட்டர். அதன் ஃபெர்ம்வேரை, அதாவது உள்ளே இருக்கும் மென்பொருளை, புதுப்பியுங்கள். பல ரவுட்டர்களில் எஸ்.எம்.பி. 2 அப்படித்தான் வந்து சேர்ந்தது. பிறகு கோப்புகளைக் காட்டும் சன்னலின் முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்கோடுகளும் ரவுட்டரின் எண்ணும் இட்டு, பயனர் பெயரோடு நுழையுங்கள். பெயரின்றி விருந்தினராக நுழைவதை அண்மைக் கால விண்டோஸ் பதிப்புகள் பல மறுக்கும். புதுப்பிப்பு கிடைக்காத ரவுட்டர் என்றால் டிஸ்க் பகிர்வுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி (தேவிபட்டினம்): விண்டோஸில் ரவுட்டர் டிஸ்க் தெரியவில்லை.

பதில்: தொண்டி ஆசிரியருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (பாம்பன்): என் ரவுட்டரில் யூ.எஸ்.பி. 3.0 துளை இருக்கிறது. அதை 2.0 ஆகக் குறைத்து வைக்கும்படி நீங்கள் பலருக்குச் சொல்லியிருக்கிறீர்கள். 5 கிகாபிட் வேகத்தை விலை கொடுத்து வாங்கிவிட்டு 480 மெகாபிட்டுக்கு இறங்குவது எப்படிச் சரியாகும்?

பதில்: யூ.எஸ்.பி. 3.0 தரவை அனுப்பும்போது எழும் மின்னணு இரைச்சல் 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டையின் மீது அகலமாகப் படிகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. டிஸ்க், கேபிள், செருகி மூன்றில் இருந்தும் இரைச்சல் கசியும். ரவுட்டரின் ஆன்டெனா அங்கிருந்து ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. தூரத்து அறையில் இருந்து வரும் கைபேசியின் மெல்லிய குரல் அந்த இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும்.

கேள்வி (பாம்பன், மீண்டும்): நான் ஓராண்டாக 3.0-இல் ஓட்டுகிறேன், ஒரு தொல்லையும் இல்லை. காகிதத்தில் இருப்பதை வைத்து மக்களைப் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: உங்கள் வீட்டில் எல்லாக் கருவிகளும் 5 கிகா ஹெர்ட்ஸில் இருக்கின்றனவா என்று சொல்லுங்கள். அப்படியானால் உங்களுக்குத் தொல்லை வராது. அதை நான் மறுக்கவில்லை.

கேள்வி (மண்டபம், கல்லூரி மாணவர்): இடையில் வருவதற்கு மன்னியுங்கள் அண்ணே. எங்கள் வீட்டில் டிஸ்க் வேலை செய்யும்போதெல்லாம் பின்னறையில் அம்மாவின் கைபேசி இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. ரவுட்டரில் 2.0 என்று மாற்றியதும் நின்றுவிட்டது. மறுபடி 3.0 ஆக்கிப் பார்த்தேன், மறுபடி அறுந்தது.

கேள்வி (பாம்பன், மீண்டும்): தம்பி வாங்கியது மட்டமான கேபிளாக இருக்கும். என்னுடையது தடித்த உறையுள்ள கேபிள். என் வீட்டுக் கருவிகள் எல்லாம் 5 கிகா ஹெர்ட்ஸில்தான் இருக்கின்றன, சரி. ஆனால் எல்லோரையும் 2.0-க்கு இறக்குவது நியாயமில்லை.

பதில்: கேபிளைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, நல்ல உறை இரைச்சலைக் குறைக்கும். ஒரு மீட்டர் கேபிளால் டிஸ்க்கை ஆன்டெனாவில் இருந்து தள்ளி வைப்பதும் உதவும். தம்பி அதையும் செய்து பார்க்கட்டும். ஆனால் வேகத்தைக் கணக்கிடுங்கள். இரண்டு ஆன்டெனா உள்ள கைபேசி 2.4-இல் 20 மெகா ஹெர்ட்ஸ் அகலத்தில் 144 மெகாபிட் என்று காட்டினாலும், கைக்கு வருவது நொடிக்கு 10 எம்.பி. அளவுதான். யூ.எஸ்.பி. 2.0 நடைமுறையில் 30 எம்.பி.க்கு மேல் தருகிறது. அதாவது தடை வைஃபையில் இருக்கிறது, யூ.எஸ்.பி.யில் இல்லை. மலிவு ரவுட்டர் என்றால் அதன் செயலியே அதற்கும் முன்னால் தடுமாறும். உங்களைப் போல 5 கிகா ஹெர்ட்ஸிலோ லேன் கேபிளிலோ பெரிய வீடியோக் கோப்புகளை நகர்த்துபவர்களுக்கு 3.0 தேவை, வைத்துக்கொள்ளுங்கள். தடித்த சுவர் வீடுகளில் பின்கட்டு முழுவதும் 2.4-ஐ நம்பி இருக்கிறது. அந்த வீடுகளுக்குத்தான் 2.0 என்று சொல்கிறேன், தொடர்ந்து சொல்வேன்.

கேள்வி (இராமேசுவரம்): சிறிய விடுதி நடத்துகிறேன். விருந்தினர்கள் அதே வைஃபையில்தான் வருகிறார்கள். கணக்குக் கோப்புகளை இந்த டிஸ்க்கில் வைக்கலாமா?

பதில்: விருந்தினர்களுக்குத் தனி வலையமைப்பைத் திறந்து, அதில் இருந்து உள்வலையைப் பார்க்க முடியாதபடி தடுத்த பிறகு வைக்கலாம். அதற்கு முன்பு ஒரு நாள்கூட வேண்டாம். வந்து தங்குபவர்களின் அடையாள அட்டை நகல்கள் அந்த டிஸ்க்கில் இருந்தால் அது மற்றவர்கள் உங்களிடம் நம்பிக் கொடுத்தது.

கேள்வி (பெரியபட்டினம்): பென் டிரைவ் போதாதா?

பதில்: பாட்டுக் கேட்கப் போதும். நாள் முழுவதும் மாட்டி வைத்தால் சூடேறிச் சீக்கிரம் கெடும்.

கேள்வி (தொண்டி, வேறொருவர்): சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனும் இந்த டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். போர்ட் 445-ஐத் திறந்துவிட்டால் போதும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள்.

பதில்: அது கோப்புப் பகிர்வு நடக்கும் வாசல். அதை இணையத்துக்குத் திறப்பது, வீட்டுக் கதவைக் கழற்றிவிட்டு ஊருக்குப் போவது போன்றது. எஃப்.டி.பி. என்ற பழைய கோப்பு அனுப்பும் முறையும் கூடாது, அதில் கடவுச்சொல் மறைப்பு இல்லாமல் போகும். மேலும், ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்களில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகிறது என்று பொருள். போர்ட்டைத் திறந்தாலும் எதுவும் உள்ளே வராது. அண்ணனுக்கு வேண்டிய படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஏதேனும் இணையச் சேமிப்பில் ஏற்றி அனுப்புங்கள்.

கேள்வி (சாயல்குடி): டிஸ்க் விண்டோஸில் தெரியவில்லை, என்ன செய்ய?

பதில்: மூன்றாவது கேள்வியின் பதில். கேட்பதற்கு முன் மேலே உள்ளவற்றை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேள்வி (ஏர்வாடி): வீடு கடலைப் பார்த்து இருக்கிறது. ஒரே ஆண்டில் யூ.எஸ்.பி. துளையில் பச்சை பிடித்துவிட்டது. மின்வெட்டும் அடிக்கடி வருகிறது.

பதில்: 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையே அரித்த காற்று இது. காற்றில் வரும் உப்புத்துகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு செம்பைத் தின்கிறது. மின்சாரத்தை நிறுத்திக் கழற்றிய பின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். ரவுட்டரைக் கடல் பக்கத்துச் சன்னலில் இருந்து உள்ளறைக்கு மாற்றுங்கள். காற்று புகாத டப்பாவில் மூடினால் சூட்டில் போய்விடும். பயன்படுத்தாத துளைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள்.

மின்வெட்டுக்கு ரவுட்டர் யூ.பி.எஸ். வாங்கும்போது கணக்குப் பார்த்து வாங்குங்கள். ரவுட்டரின் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் 12 வாட் தருகிறது, 3.0 துளையில் உள்ள டிஸ்க் அதில் 4.5 வாட் வரை எடுத்துக்கொள்ளும். ரவுட்டர் ஏற்கெனவே எல்லையில் ஓடினால் மின்சாரம் மாறும் நொடியில் இரண்டும் விழும். 12 வோல்ட், 2 ஆம்பியர் தரும் அடாப்டரும் யூ.பி.எஸ்ஸும் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி தொடங்கினால், அமைப்புப் பக்கத்தில் 'பாதுகாப்பாகக் கழற்று' என்று இருப்பதை அழுத்தி, விளக்கு அணைந்த பின் டிஸ்க்கைப் பிடுங்குங்கள். பிறகு மின்கம்பியையும் தொலைபேசிக் கம்பி இருந்தால் அதையும் கழற்றுங்கள். விளக்கு அணைவதற்கு முன்பு பிடுங்கியதால் கெட்ட டிஸ்க்குகளே என் மேசைக்கு அதிகம் வருகின்றன.

கேள்வி (கீழக்கரை, முதலில் கேட்டவர்): ஐயா, எல்லாம் செய்துவிட்டேன், வாப்பா தம் கைபேசியில் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நகல் எடுத்த டிஸ்க்கை அதே அறை அலமாரியில் வைத்தால் போதுமா?

பதில்: மகிழ்ச்சி அம்மா. அலமாரியில் வைக்க வேண்டாம். வீட்டுக்கு வரும் ஆபத்து இரண்டு டிஸ்க்குகளுக்கும் சேர்ந்தே வரும். 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பரமக்குடி பக்கம் உறவினர் வீடு இருந்தால், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு இறுக்கமான டப்பாவில் இட்டு, தேதி எழுதி அங்கே கொடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கி வந்து, புதிய படங்களைச் சேர்த்து, பழையவற்றில் பத்துப் பதினைந்தைத் திறந்து பாருங்கள். வீடியோவாக இருந்தால் நடுவில் இருந்தும் கடைசியில் இருந்தும் ஓட்டிப் பாருங்கள். தொடக்கம் மட்டும் நன்றாக ஓடிப் பின்பு உறைந்துவிடும் கோப்புகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.